மூன்று கிழமைக் கசிவு

1992 நவம்பர் 4, புதன்கிழமை. அதிகாலை இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரம். லண்டன் அம்புலன்ஸ் சேவையின் வாட்டர்லூ கட்டுப்பாட்டு அறையில் கணினிகள் மெல்ல மெல்ல இழுபடத் தொடங்கின. கொஞ்சத்தில் எல்லாமே உறைந்து நின்றுவிட்டன. இப்படி நடந்தால் என்ன செய்யவேண்டும் எண்டு மென்பொருள் கம்பனி முன்னமே சொல்லிக் கொடுத்திருந்தது: மேசையில் இருக்கிற கணினியை நிப்பாட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஊழியர்கள் நிப்பாட்டினார்கள், திரும்பப் போட்டார்கள். ஒண்டும் மாறவில்லை. ஏற்கெனவே உள்ளே வந்திருந்த அழைப்புகளை அச்சிடவும் முடியவில்லை, கணினி வழியாக வண்டிகளை அனுப்பவும் முடியவில்லை. கடைசியில், பதிவான குரல் நாடாக்களை ஓடவிட்டுக் கேட்டு, ஒரு அழைப்பும் தவறவில்லை எண்டு உறுதிசெய்துகொண்டு, பேப்பருக்கும் தொலைபேசிக்கும் திரும்பினார்கள். சாமம் கடந்த நேரம், அழைப்புகள் குறைவு. அதனால் பாதிப்பு பெரிதாகவில்லை. இதே விஷயம் பின்னேரம் ஐந்து மணிக்கு நடந்திருந்தால் கதை வேறு.

இங்கே நாங்கள் 1990க்கு அடிப்பதுபோல அங்கே 999. அந்தக் காலத்தில் லண்டன் அம்புலன்ஸ் சேவை ஏறத்தாழ 600 சதுர மைல் பரப்பையும் 68 இலட்சம் மக்களையும் பார்த்துக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 2000 முதல் 2500 வரையான அழைப்புகள் வரும். அதில் பெரும்பங்கு அவசர அழைப்பு.

மென்பொருள் பொறியியல் படித்த ஆக்கள் கனபேருக்கு இந்த லண்டன் கதை தெரியும். ஆனால் சொல்லும்போது இரண்டு வேறு சம்பவங்களை ஒண்டாகக் குழைத்துவிடுகிறார்கள். பிரபலமானது முதல் சம்பவம். ஒக்டோபர் 26, 27ஆம் திகதிகளில் புதிய முறைமை முழுதாக இயங்கத் தொடங்கியபோது வண்டிகள் எங்கே நிற்கின்றன எண்ட தகவல் பிழைத்தது, திரையில் எச்சரிக்கைகள் குவிந்தன, எல்லாம் தாமதமானது. அந்த இரண்டு நாளும் கணினி தொழில்நுட்ப ரீதியாக நிற்கவில்லை. திட்டமும் வடிவமைப்பும் நிர்வாகமும்தான் பிழைத்தன. 27ஆம் திகதி பின்னேரமே அரைவாசி கையால் செய்கிற முறைக்குப் போய்விட்டார்கள். சேவையின் தலைமை நிர்வாகி அடுத்த நாள் பதவி விலகினார். நவம்பர் 4இல் நடந்தது வேறு. அது உண்மையாகவே கணினி நின்றுபோன சம்பவம். எங்கட கட்டுரை அதைப் பற்றியது.

1993 பெப்ரவரியில் வெளிவந்த விசாரணை அறிக்கை காரணத்தை ஒரு சின்னப் பந்தியில் சொல்லிவிடுகிறது. மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு செய்நிரலாளர் முறைமையில் ஏதோ வேலை பார்த்திருக்கிறார். போகும்போது ஒரு துண்டு செய்நிரலைக் கவனிக்காமல் உள்ளே விட்டுவிட்டார். ஒவ்வொரு தடவை ஒரு வண்டியை அனுப்பும்போதும் அந்தத் துண்டு பைல் சேர்வரின் நினைவகத்தில் கொஞ்ச இடத்தை எடுத்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த வண்டிக்கு இன்னும் கொஞ்சம். மூன்று கிழமையில் இடம் முழுக்கத் தீர்ந்தது.

விசாரணைக் குழு இதை ஒரு சிறிய பிழை எண்டே எழுதியது. கவலையீனம், மாற்றங்களைச் சரியாகப் பரிசோதிக்காமை எண்டெல்லாம் கண்டித்தது. ஆனால் அதோடு இன்னொரு வசனத்தையும் சேர்த்தது: இந்தப் பிழையின் தன்மையைப் பார்த்தால், வழமையான சோதனைகளில் அது பிடிபட்டிருக்க வாய்ப்புக் குறைவு. எங்களுக்கு முழு அறிக்கையிலும் முக்கியமான இடம் இதுதான். யோசித்துப் பாருங்கள். செய்நிரலாளர் தன் மாற்றத்தைச் சோதித்திருந்தால் வண்டி போயிருக்கும், திரையில் சரியான தகவல் வந்திருக்கும், வேகமும் குறைந்திருக்காது. பத்துத் தரம் சோதித்தாலும் அப்படித்தான். காரணம் இண்டைக்கு, விளைவு மூன்று கிழமை கழித்து. அதுவும் பிழையைச் செய்தவர் இல்லாத நேரத்தில், பிழை இல்லாத இன்னொரு கணினியின் முன்னால் இருக்கிற ஒருவருக்கு. அந்தச் சாமத்தில் ஊழியர்கள் நிப்பாட்டிப் போட்டது மேசைக் கணினிகளை. நினைவகம் தீர்ந்திருந்ததோ சேர்வரில்.

இப்படிப் பார்த்தால், சேர்வர்களின் நினைவகம் வீங்குவதைக் கட்டுப்படுத்த மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறே அந்த இடைவெளியைச் சுருக்கப் பார்த்த வரலாறுதான் எண்டு எங்களுக்குத் தோன்றுகிறது. பிழையே விடாத செய்நிரலாளரைத் தேடி ஒருவரும் போகவில்லை. பிழை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கலாம் எண்டதற்குத்தான் எல்லை போட்டார்கள்.

பழைய யுனிக்ஸ் உலகத்தில் இந்தப் பிரச்சினை பெரிதாக இருக்கவில்லை. சீ மொழியில் எழுதும் ஆள் மலொக் எண்டு கேட்டு இடம் எடுப்பார், ஃப்ரீ எண்டு சொல்லித் திருப்பிக் கொடுப்பார். கொடுக்க மறந்தால் கசிவு. ஆனால் 1986இல் வந்த 4.3 பீஎஸ்டியில் ஐநெட்டீ எண்டொரு ஏற்பாடு இருந்தது. வலையமைப்பில் யாராவது கதவைத் தட்டினால் அவருக்கெண்டு ஒரு புதிய புரோசஸைக் கிளப்பிவிடும். அவரின் வேலை முடிந்ததும் அந்தப் புரோசஸ் செத்துவிடும். செத்த புரோசஸிடம் இருந்த நினைவகம் முழுவதையும் பணிசெயல் முறைமை திருப்பி எடுத்துக்கொள்ளும். ஃப்ரீ சொன்னாரா மறந்தாரா எண்டு பார்ப்பதில்லை. எவ்வளவு ஒழுகினாலும் ஒழுகிற பாத்திரத்தின் ஆயுள் சில விநாடிதான்.

இணையம் வந்து இதைக் குழப்பியது. 1993இல் ரொப் மக்கூல் எழுதிய என்சிஎஸ்ஏ சேர்வர் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தன்னைப் பிரதியெடுத்து ஒரு பிள்ளைப் புரோசஸை உருவாக்கியது. ஆனால் ஒரு பக்கத்தைத் திறக்கவே படத்துக்கு ஒண்டு, எழுத்துக்கு ஒண்டு எண்டு பல வேண்டுகோள்கள் போகும். ஒவ்வொண்டுக்கும் ஒரு பிறப்பும் ஒரு இறப்பும் எண்டால் சேர்வருக்கு அதைச் செய்யவே நேரம் போய்விடும். என்சிஎஸ்ஏ சேர்வரை ஒட்டுப்போட்டுப் பாவித்த ஆக்கள் 1995 பெப்ரவரியில் ஒண்டுகூடி ஒரு குழுவானார்கள். அதுதான் அப்பாச்சி. அவர்களில் ஒருவரான ரொபர்ட் தௌ அதே ஆண்டு உள்கட்டமைப்பையே திருப்பி எழுதினார். 1995 டிசம்பர் 1ஆம் திகதி அப்பாச்சி 1.0 வந்தது. தௌவின் வடிவமைப்பில் இரண்டு விஷயம் எங்கட கதைக்கு முக்கியம்.

முதலாவது, பிள்ளைப் புரோசஸ்களை முன்கூட்டியே பெற்று வைத்திருப்பது. ஒரு பிள்ளை ஒரு வேண்டுகோளை முடித்துச் சாகாமல் அடுத்ததை எடுக்கும், பிறகு அதற்கடுத்தது. வேகம் கூடியது, ஆனால் ஐநெட்டீ காலத்து இலவசப் பாதுகாப்புப் போய்விட்டது. இரண்டாவது, போன பாதுகாப்பைத் திருப்பிக் கொண்டுவந்த பூல் எண்ட முறை. கலியாண வீட்டுக்குச் சட்டி, பானை, கதிரை எல்லாம் வாடகைக்கு எடுக்கிறோம். ஒவ்வொரு கோப்பையையும் குடித்து முடித்த உடனே கடைக்கு ஓடிப்போய்க் கொடுக்கிறதில்லை. எல்லாம் முடிய, லொறி வரும், ஒண்டாக ஏற்றி அனுப்புவோம். பூலும் அதுதான். ஒரு வேண்டுகோள் வந்தால் அதற்கெண்டு ஒரு பூல். அந்த வேலைக்குத் தேவையான துண்டு துக்கடா எல்லாம் அதிலிருந்து எடுக்கப்படும். பதில் போனதும் பூல் முழுதாக விடுவிக்கப்படும். செய்நிரலாளர் ஒவ்வொண்டையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. லண்டன் சேர்வரில் இப்படியொரு ஏற்பாடு இருந்திருந்தால், ஒவ்வொரு வண்டி அனுப்பலும் முடிய அந்தக் கொஞ்ச இடமும் தானாகத் திரும்பியிருக்கும்.

ஆனால் பூலுக்கு வெளியேயும் உலகம் இருக்குதே. அப்பாச்சி பாவிக்கும் பிறரின் நூலகங்கள் மலொக்கை நேராகக் கூப்பிடும். அதை என்ன செய்வது? அப்பாச்சி குழு ஒரு பச்சையான வழியைக் கண்டது. மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ் பர் சைல்ட் எண்டொரு அமைப்பு: ஒரு பிள்ளை இத்தனை வேண்டுகோளைக் கவனித்ததும் அது சாகட்டும், புதியது பிறக்கட்டும். அப்பாச்சி 1.3 உடன் வந்த அமைப்புக் கோப்பிலே இதற்கு மேலே ஒரு விளக்கக் குறிப்பு இருந்தது. பெரும்பாலான முறைமைகளில் இது தேவையில்லை, ஆனால் சொலாரிஸ் போன்ற சிலவற்றின் நூலகங்களில் குறிப்பிடத்தக்க கசிவுகள் உண்டு, அங்கே 10000 மாதிரி ஒரு எண்ணைப் போடுங்கள் எண்டு. அதாவது சன் கம்பனி தன் கசிவை எப்ப அடைக்குமோ தெரியாது, அதுவரை எங்கட பிள்ளையை நாங்களே முடித்துக்கொள்கிறோம். இவ்வளவு வெளிப்படையாக எழுதிய குறிப்பை இண்டைக்கு ஒரு மென்பொருளிலும் காண்பது கஷ்டம்.

அப்பாச்சிக்குள்ளேயே பேர்ல் மொழியை ஓடவைத்த மொட் பேர்ல் வந்த பிறகு இது இன்னும் தேவைப்பட்டது. அங்கே பிள்ளைகள் வேகமாகப் பெருத்தன. அதனால் வேண்டுகோள் எண்ணிக்கையைப் பார்க்காமல் நேராக உடம்பைப் பார்த்து, அளவு மீறினால் முடித்துவிடுகிற அப்பாச்சி சைஸ் லிமிட் எண்ட கூறும் பாவனைக்கு வந்தது.

உது என்ன ஏமாத்து வேலை, பிழையைத் திருத்தாமல் ரீஸ்டார்ட் பண்ணுறதோ எண்டு கேட்கலாம். எங்களில் சிலரும் அப்படித்தான் கேட்டோம். ஆனால் அதே 1995இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹுவாங், கின்தாலா, கொலெட்டிஸ், ஃபுல்டன் நால்வரும் இதற்கு ஒரு கௌரவமான பெயரும் கணிதமும் கொடுத்தார்கள். மென்பொருள் புத்துயிர்ப்பு எண்டு சொல்லலாம். நீண்ட நேரம் ஓடும் மென்பொருள் வயதாகும். அது தானாக விழுகிற நேரம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் நாங்களே நிப்பாட்டுகிற நேரத்தை நாங்கள் தெரிவுசெய்யலாம். இரண்டு நிறுத்தங்களுக்குமான செலவை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள் எண்டது அவர்களின் வாதம். வாட்டர்லூவின் சேர்வரை ஒவ்வொரு ஞாயிறும், தயாராக இருக்கிற ஆக்களுடன், பத்து நிமிடம் நிப்பாட்டிப் போட்டிருந்தால் அந்த மூன்று கிழமைக் கசிவு ஒருபோதும் நிரம்பியிருக்காது. உண்மையில் அங்கே மாற்றுச் சேர்வர் ஒண்டும் திட்டத்தில் இருந்தது. ஆனால் அண்டைக்கு ஓடிக்கொண்டிருந்த அரைவாசி முறையில் அதற்கு மாறும் வசதி பொருத்தப்படவே இல்லை, சரியாகச் சோதிக்கப்படவும் இல்லை.

கசிவையே தேடிப் பிடிக்கும் வழியும் இல்லாமல் இல்லை. வேடிக்கை என்னவெண்டால், அப்படியான ஒரு கருவியின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்ததும் 1992இலேதான். பியூரிஃபை எண்ட அந்தக் கருவி, ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலில் ஒருவரும் சொந்தம் கொண்டாடாத நினைவகத் துண்டுகளைக் கண்டுபிடித்துக் காட்டும். எழுதிய இருவரில் ஒருவர் ரீட் ஹேஸ்டிங்ஸ். ஓம், பிறகு நெட்ஃபிளிக்ஸ் தொடங்கிய அதே ஆள்தான். ஆனால் அது சன் கணினிகளுக்கானது, காசு கொடுத்து வாங்குவது. இலவசமாக எல்லாருக்கும் கிடைத்தது 2002இல் ஜூலியன் சிவர்ட் வெளியிட்ட வால்கிரைண்டுடன்தான். அதுவும் செய்நிரலைப் பல மடங்கு மெதுவாக்கும்; உற்பத்தியில் ஓடும் சேர்வரில் வைக்கேலாது.

இதற்கிடையில் சேர்வர்களின் ஆயுள் மறுபடியும் நீளத் தொடங்கியது. 1999இல் டான் கேகல் ஒரு கேள்வி எழுப்பினார்: ஒரு சேர்வர் ஒரே நேரத்தில் 10,000 பேரை ஏன் தாங்கக்கூடாது? ஆளுக்கு ஒரு புரோசஸ் எண்டால் அது நடக்காது. 2002இல் ஈகோர் சிசோயெவ் எழுதத் தொடங்கி 2004இல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ், சில புரோசஸ்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொண்டிலும் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனித்தது. இங்கே ஒரு புரோசஸ் வீங்கி விழுந்தால் ஆயிரம் பேரோடு விழும். சிசோயெவும் இணைப்புக்கு ஒரு பூல், வேண்டுகோளுக்கு ஒரு பூல் எண்டு அப்பாச்சியின் வழியிலேதான் போனார்.

இந்த இடத்தில்தான் கசிவு இல்லாமலே வீங்கும் சேர்வர்கள் பெரும் தலையிடியாகின. எடுத்ததெல்லாம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. ஆனாலும் புரோசஸின் உடம்பு இறங்குவதில்லை. ஏன்? பஸ்ஸை யோசியுங்கள். பத்து ஆசனம் காலி, ஆனால் ஒவ்வொண்டும் ஒவ்வொரு மூலையில். ஐந்து பேர் கொண்ட குடும்பம் சேர்ந்து இருக்க இடமில்லை. நினைவகத்திலும் அப்படித்தான், காலி இடம் துண்டு துண்டாகக் கிடக்கும், பெரிய கேள்வி வந்தால் புதிதாக வாங்கத்தான் வேண்டும். வாங்கியதைப் பணிசெயல் முறைமையிடம் திருப்பிக் கொடுப்பதிலும் சிக்கல். பழைய முறையில் குவியலின் கடைசி முனையிலிருந்துதான் திருப்பலாம். ஒரு பக்கம் மூடிய ஒழுங்கையில் பத்துக் கார்கள் வரிசையாக நிற்கின்றன, கடைசியாக வந்தவர் தன் காரை எடுக்காமல் போய்விட்டார் எண்டால் மற்ற ஒன்பது பேரும் வீட்டுக்குப் போக முடியாது. கடைசி முனையில் ஒரு சின்னத் துண்டு பாவனையில் இருந்தாலே போதும், கீழே இருக்கிற அவ்வளவும் மாட்டிக்கொள்ளும்.

இதற்கு மிக நேரடியான பதில் மெம்கேஷ்டீயிடமிருந்து வந்தது. 2003இல் லைவ்ஜேர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பட்ரிக் உருவாக்கியது. நினைவகத்தில் தகவலைப் பிடித்து வைத்துக் கேட்பவருக்கு உடனே கொடுப்பதுதான் அதன் முழு வேலை. எனவே நாள் முழுக்க மலொக், ஃப்ரீ. துண்டுபட்டு நாசமாகும். அதனால் மலொக்கையே கைவிட்டு, நினைவகத்தை ஒரு மெகாபைட் பலகைகளாக எடுத்து, ஒவ்வொரு பலகையையும் ஒரே அளவு பெட்டிகளாகப் பிரித்து வைத்தார்கள். சின்னப் பொருளுக்குச் சின்னப் பெட்டி, பெரியதற்குப் பெரியது. பெட்டிக்குள் கொஞ்சம் வீணாகும், ஆனால் பஸ் பிரச்சினை இல்லை. மொத்தத்துக்கும் ஒரு உச்ச எல்லை. யாரும் சொல்லாவிட்டால் 64 மெகாபைட். நிரம்பினால் கனகாலம் யாரும் கேட்காத பொருளைத் தூக்கி எறியும். மறப்பதை வெட்கமில்லாமல் ஒரு வேலையாகச் செய்த முதல் பிரபல சேர்வர் இது எண்டு நாங்கள் சொல்லுவோம்.

மற்றவர்கள் மலொக்கையே மாற்றினார்கள். ஜேசன் எவன்ஸ் ஃப்ரீபீஎஸ்டிக்காக எழுதிய ஜெமலொக் பிறகு ஃபேஸ்புக்கின் சேர்வர்களுக்கும் போனது. குப்பையைத் தானாகச் சேகரிக்கும் ஜாவா போன்ற மொழிகளுக்குப் போனவர்கள் இன்னும் கனபேர். அங்கேயும் முழு நிம்மதி இல்லை. சேகரிப்பான் ஒருவரும் சுட்டிக்காட்டாத பொருளைத்தான் குப்பை எண்டு எடுக்கும். ஒரு பட்டியலில் போட்டுவிட்டு மறந்த பொருளை அது தொடாது. ஏனெண்டால் பட்டியல் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் கண்டபிறகு, லண்டன் சம்பவம் நடந்து ஏறக்குறைய சரியாக 20 ஆண்டு கழித்து, 2012 ஒக்டோபர் 22 திங்கட்கிழமை காலை, அமேசனின் அமெரிக்கக் கிழக்குப் பிராந்தியத்தில் ஒரு பகுதியின் சேமிப்புச் சேர்வர்கள் பதில் சொல்ல முடியாமல் திணறத் தொடங்கின. அவற்றை நம்பியிருந்த ரெடிற் போன்ற பெரிய தளங்களும் விழுந்தன. அமேசன் பிறகு வெளியிட்ட விளக்கத்தை வாசித்தபோது எங்களுக்கு வாட்டர்லூதான் ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு சேமிப்புச் சேர்வரிலும் ஒரு சின்ன முகவர் நிரல் இருந்தது. பராமரிப்புத் தகவலைச் சேகரித்து வேறொரு சேர்வருக்கு அனுப்புவது அதன் வேலை. அவசரமான வேலை இல்லை. தகவல் பிந்தினாலும் வராவிட்டாலும் பரவாயில்லை எண்டே வடிவமைத்திருந்தார்கள். முதல் கிழமை அந்தத் தகவல் சேகரிக்கும் சேர்வர்களில் ஒண்டு பழுதாகி, மாற்றப்பட்டது. புதிய முகவரி உள் வலையமைப்பில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேராத இடத்து முகவர்கள் செத்துப்போன சேர்வரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டன. கூப்பிட்டுத் தோற்கும் அந்தப் பாதையில்தான் கசிவு ஒளிந்திருந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் கொஞ்ச நினைவகம். தகவல் வராததை ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனெண்டால் வராவிட்டாலும் பரவாயில்லை எண்டுதான் முறைமையே கட்டப்பட்டிருந்தது.

நினைவகத்தை அவர்கள் கண்காணிக்காமலும் இல்லை. ஒவ்வொரு சேர்வரின் மொத்தப் பாவனையையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் சேமிப்புச் சேர்வர் இருக்கிற நினைவகத்தையெல்லாம் வாடிக்கையாளர் வேலைக்காக ஏற்றி இறக்கிப் பாவிக்கும். மொத்தம் ஏறுவதும் இறங்குவதும் அங்கே வழமை. எந்த எண்ணில் மணி அடிக்க வைப்பது? கசிவு அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளே மறைந்துபோனது. லண்டனில் பார்க்க ஒருவரும் இல்லை. இங்கே பார்த்தார்கள், ஆனால் பிழையான இடத்தைப் பார்த்தார்கள்.

அமேசன் அறிவித்த திருத்தங்களில் கசிவை அடைப்பது ஒண்டு. முகவரிகள் போய்ச் சேராத பிழையைச் சரிசெய்வது இன்னொண்டு. எங்களுக்குச் சுவாரசியமானவை மற்ற இரண்டு. இனி மொத்தத்தோடு சேர்த்து ஒவ்வொரு புரோசஸின் நினைவகத்தையும் தனித்தனியே கண்காணித்து மணி அடிப்பது. முக்கியமில்லாத புரோசஸ்கள் அளவுக்கு மேல் எடுக்க முடியாதபடி எல்லை போடுவது. லினக்ஸில் அப்படி எல்லை போடும் வசதியை 2006இலிருந்து கூகுள் பொறியியலாளர்கள் உருவாக்கி, 2008இல் அது பொதுவான லினக்ஸுக்குள் வந்திருந்தது. இப்போது கொன்ரெய்னர்களில் எல்லை மீறும் புரோசஸைக் கேர்னல் கொல்லுவதும், அது உடனே திரும்பப் பிறப்பதும் அதே வசதியால்தான்.

அதே 2012 பெப்ரவரியில் அப்பாச்சி 2.4 வெளிவந்தது. பழைய மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ் பர் சைல்டுக்குப் பெயர் மாறி, மேக்ஸ் கனெக்ஷன்ஸ் பர் சைல்ட் ஆனது. பழைய பெயரைப் போட்டாலும் வேலை செய்யும். ஒண்டும் போடாவிட்டால் அதன் பெறுமதி 0. அதாவது, பிள்ளைக்கு ஆயுள் எல்லை இல்லை.